கொலைப் படங்களும் கொட்டகை ஜூரிகளும்

ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் ஜனங்கள் வந்து குவிவது வழக்கம். மலையாளத்திலிருந்தும், மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்தும் வருகிறவர்கள் பகலெல்லாம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தலையைக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தென்காசிக்குப் போய் ஒரு சினிமாவும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. உழைத்த மனிதன் குளிக்கட்டும், சிரிக்கட்டும், பாட்டுக் கேட்கட்டும். உண்டியலில் போட்ட காசுக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை. கொட்டகையில் கொடுத்த காசுக்கு மூன்று மணி நேரம் எதையாவது கண்ணாலாவது பார்க்கிறான். அந்த மட்டுக்கும் சினிமா மேல் என்றே சொல்லுவோம்.

ஆனால், எதைப் பார்க்கிறான் என்பதுதான் கேள்வி. கொஞ்ச காலமாக, சுவரொட்டியில் ஒரு கத்தியும், அதில் வழியும் ரத்தமும், வாயைப் பொத்தப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணும் இருந்தால் போதும், கூட்டம் சேரும் என்று சினிமா முதலாளிகள் கண்டுகொண்டார்கள். இதற்கு “சைக்கோ படம்” என்று பெயர். கொட்டகையில் தப்பியவனுக்குச் செல்போனில் வீடு தேடி வருகிறது. பத்து வயதுப் பையனும் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்னவென்றால், இது மலிவான சரக்கு. ராஜா ராணிப் படத்துக்கு அரண்மனை வேண்டும், சேனை வேண்டும். இதற்கு ஒரு பழைய பங்களா, ஒரு கத்தி, கொஞ்சம் இருட்டு, கூச்சலிட ஒரு பெண், இவ்வளவே போதும். அமெரிக்காவில் 1978ம் வருஷம் “ஹாலோவீன்” என்ற படத்தை மூன்றேகால் லட்சம் டாலரில் எடுத்தார்கள். அது கோடிக்கணக்கான டாலரைக் கொண்டுவந்து கொட்டிற்று. உடனே அங்கு வீட்டுக்கு வீடு கத்தி தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன் 1974ல் “டெக்சாஸ் செயின் சா மாசாக்கர்” என்று ஒரு படம், “இது உண்மையாய் நடந்த சம்பவம்” என்ற விளம்பரத்துடன் வந்தது. விசாரித்துப் பார்த்தால், அந்தக் கதைக்கு மூலமான மனிதன் டெக்சாஸ்காரனுமல்ல. அவன் மரமறுக்கும் இயந்திர ரம்பத்தைக் கொண்டு யாரையும் அறுக்கவுமில்லை. நம் ஊர் ஸ்தல புராணங்கள் யாவும் “உண்மையாய் நடந்தவை” தானே! புராணக்காரனுக்கும் படக்காரனுக்கும் தொழில் ஒன்றாயிருக்கும்போது புளுகு மட்டும் எப்படி வேறாயிருக்கும்?

நிற்க. இப்படங்களைச் சர்க்கார் தடுக்க வேண்டுமென்று சொல்ல நாம் வரவில்லை. எம்.ஆர். ராதாவின் நாடகத்தை அடக்க 1954ல் சட்டம் செய்த ராஜ்யம் இது. அப்படிப்பட்ட கையில் இன்னொரு தடியைக் கொடுத்தால், அது முதலில் யார் முதுகில் விழும் என்பது நமக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்துத்தான் கொலைகாரன் உண்டாகிறான் என்று சொல்லவும் நாம் வரவில்லை. சென்னைத் திருவான்மியூரில் 1987, 88ம் வருஷங்களில் ஆறு கொலைகள் செய்ததாக ருஜுவாகி, 1995 ஏப்ரல் 27ந் தேதி சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர், தன்னைக் கெடுத்தது சினிமாதான் என்று சொன்னான். பத்திரிகைகளும் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் அவனுடைய தொழில் என்ன? சாராயமும் விபசாரமும். அந்தத் தொழில் சென்னைப் பட்டணத்தில் போலீஸ்காரர் கண்ணில் படாமல் நடக்கக்கூடியதா? எந்தெந்த உத்தியோகஸ்தர்கள் தனக்குத் துணையாயிருந்தார்கள் என்று அவன் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை “நக்கீரன்” பத்திரிகை வெளியிடப் போனபோது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, முன்கூட்டித் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே “சினிமா கெடுத்தது” என்ற சமாதானம் யாருக்கு உபயோகப்பட்டது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். மாமூல் வாங்கினவன் தப்பினான், மசாலாப் படம் அகப்பட்டுக்கொண்டது!

அப்படியானால் நம்முடைய குற்றச்சாட்டுத்தான் என்ன? இப்படங்கள் கொலைகாரர்களை உண்டாக்குவதை விட, ஜூரிகளை உண்டாக்குகின்றன என்பதே.

ஜூரி என்றால் இன்றைய வாலிபர்கள் பலருக்குத் தெரிந்திராது. முன் காலத்தில் கொலை வழக்கில் ஊர் மனிதர் சிலரைப் பொறுக்கி கோர்ட்டில் உட்காரவைத்து, இவன் குற்றவாளியா, அல்லவா என்று அவர்களைக் கேட்பார்கள். 1959ல் பம்பாயில் நானாவதி என்ற கடற்படை அதிகாரி தன் மனைவியின் சிநேகிதனைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் “குற்றமில்லை” என்று சொன்னார்கள். ஏன்? பெண்சாதி தவறினாள், புருஷன் சுட்டான், இதில் குற்றமெங்கே என்பது அவர்கள் அபிப்பிராயம். ஹைக்கோர்ட்டு அந்த முடிவைத் தள்ளித் தண்டனை கொடுக்கவேண்டியதாயிற்று. கோர்ட்டு ஜூரிகள் ஒழிந்தார்கள். கொட்டகை ஜூரிகளோ நாளுக்கு நான்கு காட்சி வீதம் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படி என்று பார்ப்போம். 1978ல் பாரதிராஜா எடுத்த “சிகப்பு ரோஜாக்கள்” படத்தில் ஒரு பணக்கார வாலிபன் பெண்களை மயக்கி அழைத்துவந்து கொன்று, தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச்செடி வைக்கிறான். காரணம்? சிறு வயதில் பெண்கள் அவனைக் கெடுத்துவிட்டார்களாம். வளர்த்த தகப்பனின் பெண்சாதி சோரம் போனாளாம். 1980ல் பாலு மகேந்திரா எடுத்த “மூடுபனி”யில் கொல்லப்படுகிறவர்கள் வேசிகள். காரணம்? தகப்பன் வேசியை வீட்டுக்குக் கொண்டுவந்து தாயைக் கொடுமைப்படுத்தினான். 2004ல் வந்த “மன்மதன்” படத்தில் காதலனை ஏமாற்றும் பெண்களைக் கதாநாயகனே தேடிப் பிடித்துத் தீர்க்கிறான். காரணம்? ஒருத்தி அவன் தம்பிக்குத் துரோகம் செய்தாள். 2018ல் வந்த “ராட்சசன்” படத்தில் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் சாகிறார்கள். காரணம்? இளமையிலேயே முதுமை தட்டும் வியாதிக்காரன் ஒருவனை ஒரு மாணவி அவமானப்படுத்தினாள். 2020ல் மிஷ்கின் எடுத்த “சைக்கோ”வில் பெண்களின் தலை வெட்டப்படுகிறது. காரணம்? சிறு வயதில் ஓர் ஆசிரியை அவனைக் கொடுமை செய்தாள்.

நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில், ஐந்து படங்களில், ஐந்து கொலைகாரர்கள். தமிழ் சினிமா கண்டுபிடித்த காரணமோ ஒன்றே ஒன்று: பெண்! கத்தியைப் பிடித்தவன் ஆண், வெட்டுப்பட்டவள் பெண், குற்றவாளியும் பெண் என்றால் இந்த நியாயத்தை என்னவென்று சொல்லுவது? அதிலும் “மூடுபனி” நியாயம் விசித்திரமானது. குற்றம் செய்தவன் தகப்பன், தண்டனை அடைகிறவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக உடம்பை விற்ற ஏழைப் பெண்கள். இப்படங்களின் படப்பிடிப்பையும் இசையையும் புகழ்வதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நாமும் மறுக்கவில்லை. கத்திக்குத் தங்கப்பிடி போட்டால் குத்துப்பட்டவளுக்கு வலி குறைந்துபோகுமா?

இந்தச் சரக்கு மேல்நாட்டிலிருந்து வந்தது, நம் பண்பாட்டுக்குப் புறம்பானது என்று கோயில்வாசலில் உட்கார்ந்து புலம்புகிற பண்டிதர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஐயன்மீர், உங்கள் வீட்டுச் சரக்கை நீங்களே மறந்துபோகலாமா? ஜமதக்கினியின் பெண்சாதி ரேணுகை ஒரு கந்தர்வனைப் பார்த்து ஒரு கணம் மனம் சலித்தாளாம். உடனே தகப்பன் உத்தரவிட, மகன் பரசுராமன் தாயின் தலையைக் கோடரியால் வெட்டினானாம். பிறகு இருபத்தொரு தலைமுறை க்ஷத்திரியர்களை ஊர் ஊராய்த் தேடிக் கொன்றானாம். சோரம் போன மனைவி, பழிவெறி கொண்ட தகப்பன், தகப்பன் சொல்ல வெட்டுகிற பிள்ளை! “சிகப்பு ரோஜாக்கள்” கதைக்கு இதைவிட வேறு மூலம் எதற்கு? வித்தியாசம் ஒன்றுதான். படத்தில் கொலைகாரனைச் சிறையில் போடுகிறார்கள். புராணத்தில் அவனை அவதாரமாக்கிக் கும்பிடுகிறார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் படம் புதிதாயிருக்க முடியுமா?

அடுத்தபடியாக, இப்படங்களில் யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று பாருங்கள். தனியாய்ப் போகிறவள், ஆணோடு சிரித்துப் பேசுகிறவள், ஆசையை வாய்விட்டுச் சொல்லுகிறவள், இவர்கள் இடைவேளைக்கு முன்பே சரி. தலை குனிந்து, கழுத்தில் தாலி ஏறின பிறகே தொடவிடுகிறவள் கடைசிவரை பிழைக்கிறாள். “சிகப்பு ரோஜாக்கள்” சாரதா அப்படித்தான் பிழைக்கிறாள். பிழைத்தாவது சுகப்படுகிறாளா? எத்தனையோ பெண்களைக் கொன்று, தன்னையும் கொல்லத் துரத்தினவன் புத்தி கெட்டுச் சிறையில் கிடக்க, புருஷனாயிற்றே என்று அவனைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்லானாலும் கணவன், கொலைகாரனானாலும் கணவன்! கற்பு என்ற விலங்குக்கு இதைவிட ஒரு விளம்பரம் உண்டா? விவாகரத்துச் சட்டம் இருக்கிற தேசத்தில், கொலைகாரனை உதறிவிட்டு நிம்மதியாய் வாழப் போனாள் என்று காட்ட ஒரு படக்காரனுக்கும் மனம் வரக்காணோமே!

இனி “சைக்கோ” என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மனநோய்க்காரனைக் குறிப்பதாகப் பாமர மக்கள் நினைத்திருக்கும் இச்சொல்லை, கொலைகாரனுக்குப் பட்டமாகச் சூட்டிவிட்டார்கள். குற்றாலத்து ஜனங்களுக்கு மனநோய்க்காரர்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று நம்பி, எங்கெங்கிருந்தோ அவர்களைக் கூட்டிவருகிறார்கள். சிலர் குளிப்பாட்டிக் கூட்டிப்போகிறார்கள், சிலர் விட்டுவிட்டே போய்விடுகிறார்கள். கைவிடப்பட்ட அந்த மனிதர்கள் கத்தியெடுத்துக்கொண்டு யாரையாவது துரத்தினார்களா? அடிபட்டதும், கல்லெறிபட்டதும், பசியால் சுருண்டதும் அவர்கள்தான். 2001 ஆகஸ்டு 6ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் முடியாமல் கருகினார்கள்; மாண்டவர்கள் 28 பேர். தர்க்காவில் கட்டிப்போட்டால் தெளியும் என்பது அங்கே நம்பிக்கை, அருவியில் தள்ளினால் தெளியும் என்பது இங்கே நம்பிக்கை. 2017ம் வருஷத்து மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. மனநோய்க்காரர்கள் பிறரைக் கொல்வதைவிடப் பிறரால் துன்பப்படுவதே அதிகம் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. படக்காரனோ அவனைப் பேயாய்க் காட்டுகிறான். படம் பார்த்து வந்த பையன், மறுநாள் பஸ் நிலையத்தில் கிழிந்த வேட்டியோடு நிற்கிற நோயாளியைக் கண்டதும் “சைக்கோ” என்று கூவிக் கல்லெடுக்கிறான். வைத்தியரிடம் போகவேண்டிய குடும்பமும் அந்தப் பெயருக்குப் பயந்து, நோயை மூடி மறைத்து மந்திரவாதியிடம் போகிறது.

மந்திரவாதி என்றதும் இன்னொரு விஷயம். 1984ல் மணிவண்ணன் குறைந்த செலவில் எடுத்துப் பெருவாரியாய் ஓடின “நூறாவது நாள்” படத்தில், நடக்கப்போகும் கொலைகள் ஒரு பெண்ணுக்கு முன்கூட்டியே கனவில் தெரிகின்றன. கணவனே கொலைகாரனாயிருக்கக்கூடும் என்று காட்டின துணிச்சலை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கனவு எதற்கு? கைரேகை இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சாட்சி இருக்கிறது. இவ்வளவும் இருக்க, ஞானதிருஷ்டிதான் துப்பறிய வேண்டுமென்றால், குறி சொல்லுகிறவனுக்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறு வேண்டுமா?

குறியும் மந்திரமும் நிஜத்தில் எதைச் செய்யும் என்பதற்குத் தூரத்துக்குப் போகவேண்டாம். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு கணவாய் வழியாய்ப் புனலூர் போய், அங்கிருந்து வடக்கே போனால் பத்தனம்திட்டை ஜில்லா வரும். அந்த ஜில்லாவில் எலந்தூர் என்ற கிராமத்தில் இரண்டு பெண்கள் கொன்று புதைக்கப்பட்டது 2022 அக்டோபரில் வெளிவந்தது. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்று வயிறு கழுவினவர்கள். ஒருவர் நம் தர்மபுரி ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போனவர். வீட்டில் செல்வம் பெருகவேண்டும் என்று கொடுத்த நரபலி என்பது போலீசார் சாட்டிய குற்றம். பிடிபட்டவர்களில் ஒருவர் ஊரார் நம்பி மருந்துக்குப் போன வைத்தியர், இன்னொருவர் அவர் மனைவி. இவர்களில் யாருக்குச் “சைக்கோ” படத்து முகமூடி இருந்தது? வழக்கின் முடிவைக் கோர்ட்டார் சொல்லட்டும். நரபலியால் செல்வம் வரும் என்ற எண்ணத்தை ஒரு மனிதன் தலையில் ஏற்றியது எது என்பதை நாம் சொல்லலாமல்லவா?

உண்மைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐக்கிய நாடுகள் சபையார் வெளியிட்ட கணக்குப்படி, 2023ம் வருஷத்தில் உலகத்தில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 85,000 பேர். அவர்களில் 51,100 பேரை, அதாவது நூற்றுக்கு அறுபது பேரைக் கொன்றவர்கள் புருஷனோ, கூடி வாழ்ந்தவனோ, குடும்பத்தாரோதான். நம் தேசத்தில் வரதட்சணைச் சாவு மட்டும் வருஷம் ஆறாயிரத்துக்கு மேல் பதிவாகி வந்திருக்கிறது. இவ்வளவு பேரையும் கொன்றது இருட்டுச் சந்தில் நின்ற முகமூடிக்காரனா? பத்துப் பொருத்தம் பார்த்து, அக்கினி வளர்த்து, ஐயர் மந்திரம் சொல்லிக் கட்டி வைத்த மாப்பிள்ளைகள் இக்கணக்கில் எத்தனை பேர்? பெண்ணை “வெளியே போகாதே, சைக்கோ திரிகிறான்” என்று பயமுறுத்தி, எந்த வீட்டில் அவளுக்கு ஆபத்தோ அந்த வீட்டுக்குள்ளேயே போட்டுப் பூட்டுவதற்குத்தான் இப்படங்கள் உபயோகப்படுகின்றன.

ஜாதிக் கொலையும் அப்படியே. 2025 ஜூலை 27ந் தேதி பாளையங்கோட்டையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வாலிபர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு ஜாதிப் பெண்ணோடு சிநேகமாயிருந்தார் என்பதற்காகவே பெண்ணின் தம்பி வெட்டினான் என்பது வழக்கு. அதையும் “ஆத்திரத்தில் செய்துவிட்டான்” என்று பேச ஆள் இருக்கிறது! இன்னும் பார்த்தால், மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தபோல்கரை 2013ல் சுட்டார்கள். 2015ல் கோவிந்த பன்சாரே, அதே வருஷம் கல்புர்கி, 2017ல் கௌரி லங்கேஷ். தொடர் கொலை என்றால் இதல்லவோ தொடர் கொலை! இதைக் கதையாய் எடுக்க எந்தச் சைக்கோ பட முதலாளி முன்வந்தான்?

இனி, ஜூரிகளுக்கு வருவோம். தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் முதுகொடியப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கிக்கொண்டு இருட்டும் நேரத்தில் நடந்து வருகிறாள் ஒரு பெண். அவளுக்கு ஒரு கெடுதல் நேர்ந்தால் மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும்? “அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை? யாரோடு போன் பேசிக்கொண்டு போனாள்? அவன் என்ன காரணமில்லாமலா செய்திருப்பான்?” இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தது யார்? புராணிகன் பாதி, படக்காரன் பாதி. கொட்டகையில் “வெட்டு!” என்று விசிலடித்த வாய்தான் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லுகிறது. சாட்சி சொல்லவேண்டிய ஊரார் இப்படி ஜூரியாகிவிட்டால் போலீசுக்கும் சோம்பல், கோர்ட்டுக்கும் தாமதம், செத்தவளுக்கு அவப்பெயர் மட்டும் மிச்சம்.

“வெறும் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?” என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நம்மை அடித்துச் சிரிப்பது அடிக்கிறவனுக்குப் பொழுதுபோக்குத்தான். “கடைசியில் கெட்டவன் தண்டனை அடைகிறானே” என்பார்கள். இரண்டரை மணி நேரம் கொலையை ரசிக்கவைத்து, ஐந்து நிமிஷம் தண்டனையைக் காட்டுவது, விருந்தெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் ஏகாதசி என்று கையைக் கழுவுவதற்கு ஒப்பாகும். “பெண்களும்தானே பார்க்கிறார்கள்” என்பார்கள். பெண்களை இழிவு செய்யும் ராமாயணத்தைப் பெண்களே உட்கார்ந்து கேட்கவில்லையா? அடிமை தன் விலங்குக்கு மெருகு போடுவதால் அது நகையாகிவிடாது.

ஆகவே தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். படம் பாருங்கள், ஆனால் ஜூரியாய் உட்காராமல் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலாய் உட்காருங்கள். இவள் ஏன் சாகிறாள்? இவன் செய்ததற்குப் பழியை யார் தலையில் போடுகிறான் படக்காரன்? துப்புக் கிடைத்தது அறிவாலா, கனவாலா? இம்மூன்று கேள்விகளையும் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் பேசுங்கள். அவர்கள் சொல்லுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்திய படத்துக்குச் சிறு பிள்ளைகளை இழுத்துப் போகாதீர்கள். குற்றாலத்தில் கேட்பாரற்று நிற்கும் மனநோய்க்காரரைக் கண்டால் கல்லை எடுக்காமல், தென்காசி அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுங்கள். மந்திரவாதிகளின் கொடுமைக்கு மகாராஷ்டிரம் 2013லும், கருநாடகம் 2017லும் சட்டம் செய்தன. மந்திரவாதியின் கொட்டத்தை அடக்க அப்படிச் சட்டம் வேண்டும் என்று கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. அடுத்த முறை ஒரு பெண் கொலையுண்ட செய்தி காதில் விழும்போது, “அவள் என்ன செய்தாள்?” என்று கேட்க வருகிற நாக்கை அடக்கிக்கொண்டு, “அவன் ஏன் கொன்றான், அவனுக்குத் துணை நின்றவர்கள் யார்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எந்த ஊர் டீக்கடையில் முதலில் கேட்கப்படுகிறதோ, அந்த ஊரில் இந்தப் படங்களின் வசூல் தானே படுத்துவிடும்.